காட்டு வரைபடத்தில் தகவல் இடங்கள்: வகை பிரிப்பதும் சின்னம் வைப்பதும் – முழுமையான வழிகாட்டி

ஒரு காட்டுப் பகுதி வரைபடத்தில் ‘தகவல்’ என்று ஒரே சின்னத்தைப் பத்து இடத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். அந்தப் பத்தில் ஒன்று வனத்துறை ஊழியர் உட்கார்ந்திருக்கும் வரவேற்பு மையம். இன்னொன்று பறவைகளைப் பற்றிய படப் பலகை. ஒன்று பாதை பிரியும் இடத்தில் நட்ட கைகாட்டி. மற்றவை ‘பிளாஸ்டிக் கொண்டுவராதீர்’ வகை அறிவிப்புகள். தண்ணீர் தீர்ந்து, கூட வந்தவருக்குக் கால் பிசகி, வரைபடத்தைப் பார்த்து அருகிலுள்ள ‘தகவல்’ இடத்தை நோக்கி நடப்பவருக்கு அங்கே மனிதர் இருக்கிறாரா, தகரப் பலகை மட்டும்தானா என்பது பெரிய விஷயம்.

அதனால் பொருளின் தோற்றத்தைப் பார்த்து வகை பிரிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அந்த இடம் வருபவருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். அதில் முதல் வெட்டு ஆள் இருக்கும் இடம், ஆள் இல்லாத இடம். மற்ற வேறுபாடுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தரவுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் (யாரும் பங்களிக்கக்கூடிய திறந்த உலக வரைபடம்; இனி ஓஎஸ்எம்), வரைபடம் செய்ய க்யூஜிஐஎஸ் என்ற கணினி மென்பொருளையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் எழுத்து வேலை செய்யும். ஓர் இடம் என்ன என்று ஓஎஸ்எம்மில் சொல்பவை குறிச்சொற்கள்; ‘=’க்குப் பின்னால் வருவது அதன் மதிப்பு. அவற்றை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். மென்பொருளில் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதல் படி: யாருக்கு, எந்த அளவில்

முதுமலைக்கு வண்டியில் வருபவருக்கான வரைபடமும், மலைப்பாதையில் நடப்பவருக்கான வரைபடமும் ஒன்றல்ல. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இஷ்டப்படி இறங்கி நடக்க முடியாது. வனத்துறை வாகனத்தில் சவாரி போகலாம், பொதுச் சாலையில் போகலாம். அங்கே வருபவர் தேடுவது தெப்பக்காடு வரவேற்பு மையத்தை, யானைகள் முகாமை, மசினகுடிக்குப் பிரியும் சாலையை. நடைபாதை வரைபடத்தில் நிலைமை வேறு. அங்கே கைகாட்டிதான் உயிர்நாடி.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முன்பதிவு, வழிகாட்டி ஆகிய ஏற்பாடுகளோடு திறந்தது. இந்தச் சூழலில் நாம் செய்யும் வரைபடம் ‘எங்கே போகலாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘எங்கே போய்ப் பெயர் பதிய வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்’ என்பதும் முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

அளவுகோலை இப்போதே முடிவு செய்யுங்கள், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான். 1:25,000 அளவில் தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 25 மீட்டர். 3 மி.மீ. சின்னம் ஒன்று தரையில் 75 மீட்டரை மூடிவிடும். 1:50,000 என்றால் அதே சின்னம் 150 மீட்டரை விழுங்கும். நடப்பவர்களுக்கு 1:25,000க்குக் குறையாமல் வையுங்கள். சாலைவழி வருபவர்களுக்கு 1:50,000 போதும்.

இரண்டாம் படி: நேரில் போய்ப் பார்ப்பது

செயற்கைக்கோள் படத்தில் பலகை தெரியாது. நேரில் போகத்தான் வேண்டும். காப்பகத்துக்குள் என்றால் அனுமதியோடு, அனுமதி தந்த பாதையில் மட்டும். கைப்பேசியிலிருந்தே ஓஎஸ்எம்மில் பதிய உதவும் எவ்ரி டோர், ஸ்ட்ரீட்கம்ப்ளீட், வெஸ்புச்சி ஆகிய செயலிகளில் எது கைக்கு வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டில் ஒரு வசதி உண்டு: யாரோ வெறுமனே ‘தகவல்’ என்று பதிந்துவிட்டுப் போன இடங்களை அது தானே கண்டுபிடித்து, இது அலுவலகமா, பலகையா, வரைபடமா, கைகாட்டியா என்று கேட்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதைவிட நல்ல முதல் வேலை இல்லை.

ஒவ்வோர் இடத்திலும் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை: ஆள் இருக்கிறாரா, எப்போது இருப்பார், பலகையில் என்ன இருக்கிறது (வழியா, விளக்கமா, விதியா, வரைபடமா), எந்தெந்த மொழியில், பலகை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, படிக்கிற நிலையில் இருக்கிறதா. இருப்பிடத்தோடு ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். அடர்ந்த மரங்களின் கீழும் பள்ளத்தாக்கிலும் அது கணிசமாக விலகும். அதனால் கைகாட்டியைப் பதியும்போது ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் நம்பாமல், பாதைகள் பிரியும் இடத்துக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். பாதைக்கும் கைகாட்டிக்கும் உள்ள உறவு சரியாக இருந்தால் போதும், சில மீட்டர் பிழையால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

மூன்றாம் படி: வகை பிரித்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஓஎஸ்எம்மில் தகவல் இடங்கள் எல்லாவற்றுக்கும் தாய்க் குறிச்சொல் டூரிசம்=இன்ஃபர்மேஷன். அது மட்டும் இருந்தால் ‘இங்கே ஏதோ தகவல் இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனுடன் இன்ஃபர்மேஷன் என்ற இரண்டாவது குறிச்சொல் சேர்ந்தால்தான் வகை வரும்.

ஆள் இருக்கும் இடங்களில் தொடங்குவோம். சுற்றுலாத் தகவல் அலுவலகம் என்றால் மதிப்பு ஆபீஸ். காப்பகத்தின் வரவேற்பு மையமோ, கண்காட்சி அரங்கோடு கூடிய இயற்கை விளக்க மையமோ என்றால் விசிட்டர்_சென்டர் (பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில்). இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அலுவலகத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். மையத்தில் பதிலும் கிடைக்கும், சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் முடியும். தெப்பக்காட்டில் இருப்பதுபோன்ற வரவேற்பு மையங்களை நான் இரண்டாவது வகையில்தான் வைப்பேன்.

வனச்சரக அலுவலகம் எதில் சேரும் என்று நிறையப் பேர் கேட்பார்கள். அமெனிட்டி=ரேஞ்சர்_ஸ்டேஷன் என்று ஒரு தனிக் குறிச்சொல் இருக்கிறது; பார்வையாளருக்கு அனுமதிச்சீட்டும் தகவலும் தரும் பூங்கா அலுவலகங்களுக்காக வந்தது அது. நம் ஊர் வனச்சரக அலுவலகங்கள் பலவும் நிர்வாக அலுவலகங்கள். அங்கே பொதுமக்களுக்கு அனுமதியோ தகவலோ தருகிறார்கள் என்றால் இந்தக் குறிச்சொல்லைப் போடுங்கள். கோப்பு வேலை மட்டும் நடக்கிறது என்றால் அரசு அலுவலகம் என்றே பதியுங்கள், தகவல் இடமாகக் காட்டாதீர்கள். சோதனைச்சாவடியும் அப்படித்தான். அங்கே ஆள் இருப்பார், அவசரத்துக்கு உதவியும் கிடைக்கும், ஆனால் அது தகவல் மையம் இல்லை. வரைபடத்தில் அதற்குத் தனிச் சின்னம் கொடுங்கள்.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தங்கும் முகாம்களை வரைபடத்தில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆள் இருக்கும் இடம்தானே, அவசரத்துக்கு ஆகுமே என்று தோன்றும். அந்த முகாம் எங்கே என்று பொதுவெளியில் தெரிந்தால் வேட்டைக்காரருக்கும் தெரியும். காட்டைக் காக்கிறவரின் பாதுகாப்பு, நம் வரைபடத்தின் முழுமையைவிட முக்கியம். அரிய உயிரினங்கள் கூடு கட்டும், குட்டி ஈனும் இடங்களுக்கும் இதே விதி.

இனி ஆள் இல்லாத இடங்கள். கைகாட்டிக்கு மதிப்பு கைட்போஸ்ட். ஓஎஸ்எம்மின் தகவல் வகைகளில் உலக அளவில் அதிகம் பதிவாகியிருப்பது இதுதான். இதற்கு ஐரோப்பிய மலை நாடுகளின் பாதை ஒழுங்கு பெரிய காரணம். சுவிட்சர்லாந்தில் நடைபாதைக் கைகாட்டிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறம். நடுவில் உள்ள வெள்ளைத் தகட்டில் அந்த இடத்தின் பெயரும் கடல் மட்டத்திலிருந்து உயரமும் இருக்கும். சாதாரணப் பாதை முழு மஞ்சள், மலைப்பாதை வெள்ளை-சிவப்பு-வெள்ளை, கடினமான ஆல்ப்ஸ் பாதை வெள்ளை-நீலம்-வெள்ளை. செக் நாட்டில் 1888இல் தொடங்கிய சுற்றுலா மன்றம் அடுத்த ஆண்டே முதல் பாதையைக் குறியிட்டது. இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே ஒரு நிறப் பட்டை என்ற முறை இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. அங்கெல்லாம் கைகாட்டி ஒரு முகவரிபோலவே பயன்படுகிறது. ‘இந்தக் கைகாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன்’ என்றால் மீட்புக் குழுவுக்கு இடம் புரியும். நம் பாதைகளிலும் எண்ணோ பெயரோ உள்ள கைகாட்டி இருந்தால் அதை விடாமல் பதியுங்கள்: பெயருக்கு நேம், எண்ணுக்கு ரெஃப், உயரத்துக்கு எலி என்ற குறிச்சொல், நடப்பவருக்கானது என்றால் ஹைக்கிங்=எஸ்.

விளக்கப் பலகைக்கு மதிப்பு போர்டு. அதோடு போர்டு_டைப் சேர்த்து இயற்கையா, வரலாறா, நிலவியலா, அறிவிப்பா என்று சொல்லலாம். வரைபடப் பலகைக்கு மேப். அதில் மேப்_டைப், மேப்_சைஸ் இரண்டும் உண்டு: நிலத்தோற்ற வரைபடமா, வெறும் கோட்டுப் படமா, அந்த வளாகத்தை மட்டும் காட்டுகிறதா, வட்டாரம் முழுவதையுமா. பலகையில் விளக்கமும் வரைபடமும் சேர்ந்திருந்தால் என்ன செய்வது? நடப்பவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்று கேளுங்கள். பாதைகள் தெரியும் வரைபடம் பெரிதாக இருந்தால் மேப், மூலையில் சின்னதாக ஒன்று இருந்தால் போர்டு. தொட்டுணரும் வரைபடத்துக்கும், தொடுதிரைக்கும், ஒலி வழிகாட்டிக்கும் தனி மதிப்புகள் இருக்கின்றன. நம் காடுகளில் அவை அரிது, கண்டால் பதியுங்கள். தொட்டுணரும் பலகை ஒன்று எங்கே இருக்கிறது என்பது பார்வையற்ற ஒருவரின் பயணத் திட்டத்தையே மாற்றக்கூடியது.

மரத்திலும் பாறையிலும் பூசிய வண்ண அடையாளங்கள், சிறு கம்பங்கள் ஆகியவற்றுக்கு ரூட்_மார்க்கர், ட்ரெயில்_பிளேஸ் என்ற மதிப்புகள் உண்டு. ஒவ்வொரு பொட்டையும் பதிய வேண்டாம் என்பேன். பாதையின் துண்டுகளை எல்லாம் ஒரே தடமாகச் சேர்க்கும் ‘வழித்தட உறவு’ (ரூட் ரிலேஷன்) ஒன்றை உருவாக்கி, அதில் ஓஎஸ்எம்சி:சிம்பல் என்ற குறிச்சொல்லில் அடையாளத்தின் நிறத்தையும் வடிவத்தையும் ஒருமுறை எழுதினால் போதும். பாதை குழப்பமாகும் இடத்தில் இருக்கும் அடையாளத்தை மட்டும் தனியே பதியலாம்.

பாதை தொடங்கும் இடத்துக்கு ஹைவே=ட்ரெயில்ஹெட். அது ஓர் இடம், பலகை அங்கே இருக்கும் ஒரு பொருள். இரண்டையும் ஒரே புள்ளியில் திணிக்காதீர்கள். ஜெர்மனிக் காடுகளில் எண்ணிட்ட பச்சைப் பலகைகளோடு அவசர மீட்பு இடங்கள் இருக்கும்; அவற்றுக்கு ஹைவே=எமர்ஜென்சி_ஆக்சஸ்_பாயின்ட். பலகை இருக்கிறது என்பதற்காக அதைத் தகவல் இடம் ஆக்கிவிடக் கூடாது. அது உயிர் காக்கும் புள்ளி, வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டியது.

அப்புறம், தகவல் இடமாகத் தவறாகப் பதியப்படுபவை. நுழைவாயில் வளைவு, மைல்கல், ‘யானைகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ பலகை, கொண்டை ஊசி வளைவின் எண் பலகை, விடுதி விளம்பரம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்த எண் பலகைகளை எல்லாம் யாராவது தகவல் என்று பதிந்தால் வரைபடம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மைல்கல்லுக்கு ஹைவே=மைல்ஸ்டோன், விலங்கு கடக்கும் எச்சரிக்கைக்கு ஹசார்ட்=அனிமல்_கிராசிங் என்று சரியான வீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. விளம்பரத்துக்கு இந்த வரைபடத்தில் இடமே வேண்டாம்.

நான்காம் படி: மொழி, நேரம், அனுமதி

முதுமலை கர்நாடகத்தின் பந்திப்பூரையும் கேரளத்தின் வயநாட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் காடு. பெயர்களைப் பதியும்போது நேம் குறிச்சொல்லில் அந்த ஊர்ப் பலகையில் உள்ளபடி எழுதிவிட்டு, தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் மொழிக்குறியோடு தனித்தனிக் குறிச்சொல் சேருங்கள். பலகையில் உள்ள வாசகம் சிறியது என்றால் இன்ஸ்கிரிப்ஷன் குறிச்சொல்லில் அப்படியே எழுதலாம். ஆனால் ‘தகவல் பலகை’ என்று பெயர் வைக்காதீர்கள். அது வகை, பெயர் அல்ல. பெயர் இல்லாத பலகைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஆள் இருக்கும் இடத்துக்கு ஓப்பனிங்_ஹவர்ஸ் கட்டாயம். மாதங்களையும் அதில் எழுத முடியும் என்பதால் தீப்பருவத்தில் மூடியிருப்பதைக்கூடச் சொல்லிவிடலாம். அனுமதி வாங்கித்தான் போக வேண்டிய பாதை என்றால் ஆக்சஸ்=பெர்மிட், போகவே கூடாது என்றால் ஆக்சஸ்=நோ. இதை எழுதாத ஒரு பாதைக்குப் பக்கத்தில் கைகாட்டிச் சின்னம் மட்டும் இருந்தால் ‘வா’ என்று கூப்பிடுவதுபோல ஆகிவிடும்.

ஐந்தாம் படி: க்யூஜிஐஎஸ்ஸுக்குக் கொண்டுவருதல்

க்யூஜிஐஎஸ்ஸில் குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலை (ப்ளகின்) நிறுவுங்கள். டூரிசம், இன்ஃபர்மேஷன் என்று இரண்டு பெட்டியையும் நிரப்பி, திரையில் தெரியும் பரப்பைத் தேர்ந்து ஓட விட்டால் தரவு வந்துவிடும். ரேஞ்சர்_ஸ்டேஷன், ட்ரெயில்ஹெட் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஓட விடுங்கள். வந்ததும் கவனிக்க வேண்டியது: பலகைகள் புள்ளிகளாக வரும், மையங்கள் பல நேரம் கட்டட வடிவமாக, அதாவது பரப்பாக வரும். பரப்பைப் புள்ளியாக்க ‘சென்ட்ராய்ட்ஸ்’ கருவியைவிட ‘பாயின்ட் ஆன் சர்ஃபேஸ்’ நல்லது. ‘ட’ வடிவக் கட்டடத்தின் நடுப்புள்ளி கட்டடத்துக்கு வெளியே போய் விழக்கூடும். இரண்டாவது கருவி எப்போதும் உள்ளேயே வைக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரே அடுக்காக (லேயர்) இணைத்துக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்குகள் வரப்போவதால் அடுக்கை மீட்டரில் அளக்கும் ஆள்கூற்று முறைக்கு (சிஆர்எஸ்) மாற்றுங்கள். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் முதுமலை உள்ளிட்ட நீலகிரிக்கு மண்டலம் 43 வடக்கு; க்யூஜிஐஎஸ்ஸில் அதைத் தேர்ந்தெடுக்க இபிஎஸ்ஜி எண் 32643. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையைத் தாண்டினால் மண்டலம் 44, எண் 32644. கோடியக்கரையும் பிச்சாவரமும் இதில் வரும்.

இப்போது ‘வகுப்பு’ என்று ஒரு புதிய நெடுவரிசை. ஓஎஸ்எம்மின் மதிப்புகள் பலவாக இருந்தாலும் வரைபடத்துக்கு நான்கு வகுப்பு போதும். 1: ஆள் இருக்கும் இடம். 2: வழி காட்டுவது (கைகாட்டி, வரைபடப் பலகை, பாதைத் தொடக்கம்). 3: விளக்கம் சொல்வது. 4: வகை தெரியாதது. புலக் கணிப்பானில் (ஃபீல்டு கால்குலேட்டர்) ‘இந்த மதிப்பு என்றால் இந்த வகுப்பு’ என்று சொல்லும் கேஸ்-வென் கூற்றால் இதை ஒரே தடவையில் நிரப்பிவிடலாம்.

நான்காவது வகுப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாவது குறிச்சொல் இல்லாத புள்ளிகள் எப்படியும் வரும். நிறைய வரைபடங்களில் இவை பொதுவான தகவல் சின்னத்தோடு, அதாவது மையத்துக்கு உரிய அதே சின்னத்தோடு வந்துவிடுகின்றன. இது ஆபத்து. தெரியாததை எப்போதும் குறைந்த வாக்குறுதியோடு காட்டுங்கள். அச்சு வரைபடத்தில் விட்டுவிடுங்கள், அல்லது மிகச் சிறிய புள்ளியாக வையுங்கள், நேரில் பார்த்துச் சரி செய்ய வேண்டியவை என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சின்னம்

தகவலுக்கு உலகில் இரண்டு மரபுகள் உண்டு. ஐரோப்பிய வழக்கில் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஐ’. 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக வரைகலையாளர் சங்கமான ஏஐஜிஏ உருவாக்கிய படக்குறித் தொகுப்பிலோ தகவலுக்குக் கேள்விக்குறி. நம் வாசகருக்கு இரண்டும் பழக்கம்தான் என்றாலும் ஒரே வரைபடத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். நான் ‘ஐ’யைப் பரிந்துரைப்பேன், ஒரே நிபந்தனையோடு: அது ஆள் இருக்கும் இடத்துக்கு மட்டும். பலகைக்குப் பலகை வடிவம், கைகாட்டிக்குக் கைகாட்டி வடிவம்.

பிரிட்டனின் ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்கள் இதில் நல்ல பாடம். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தகவல் மையத்துக்கு ஒரு சின்னம், பருவத்தில் மட்டும் திறப்பதற்கு இன்னொன்று, பார்வையாளர் மையத்துக்கு ‘வி’ எழுத்து. சுற்றுலாச் சின்னங்கள் எல்லாம் நீல வண்ணத்தில். மழையில் நனைந்துகொண்டு பத்து கிலோமீட்டர் நடந்து போனபின் மையம் பூட்டியிருக்கக் கூடாது என்ற அக்கறை அந்தச் சின்ன வேறுபாட்டில் இருக்கிறது.

நம் வரைபடத்துக்கு நான் சொல்லும் அமைப்பு இது. ஆள் இருக்கும் இடத்துக்கு அடர்நீலம் நிரப்பிய சதுரம், உள்ளே வெள்ளை ‘ஐ’, 4 மி.மீ. பருவத்தில் மட்டும் திறப்பது என்றால் அதே சதுரம் வெள்ளையாக, நீல விளிம்போடும் நீல எழுத்தோடும். வரைபடப் பலகைக்கும் விளக்கப் பலகைக்கும் இரண்டு கால் கொண்ட பலகை வடிவம், 2.5 மி.மீ., நிரப்பாமல் கோடு மட்டும். வரைபடப் பலகைக்குள் ஒரு வளைகோடு, விளக்கப் பலகைக்குள் இரண்டு கிடைக்கோடு. கைகாட்டிக்கு 2 மி.மீ. கம்பமும் ஒரு அம்பும். நிரப்பியது என்றால் ஆள், கோடு என்றால் பொருள் என்று கண்ணுக்குத் தானாகப் பழகிவிடும். நிறத்தை மட்டும் நம்பி வேறுபடுத்தக் கூடாது: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், கருப்பு-வெள்ளை நகல் எடுப்பவர்கள் அதைவிட அதிகம். சுற்றுலாவுக்குப் பல நாடுகளில் பழுப்பு நிறம் வழக்கம். ஆனால் காட்டு வரைபடத்தில் பின்னணி பச்சை, உயரக் கோடுகள் பழுப்பு. அந்த இரண்டுக்கும் நடுவே பழுப்புச் சின்னம் காணாமல் போய்விடும்.

சின்னங்களை நீங்களே வரைய வேண்டியதில்லை. மேப்பாக்ஸ் வெளியிட்ட ‘மாக்கி’ தொகுப்பு உரிமக் கட்டுப்பாடு இல்லாதது. சிறிய அளவுக்கென்றே வடிவமைத்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் வரைபடச் சின்னங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இருக்கும் கூடாரம் கட்டும் இடம், குதிரைப் பாதை போன்றவை நமக்குத் தேவைப்படாது, எடுத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் எடுங்கள்.

க்யூஜிஐஎஸ்ஸில் அடுக்கின் பாணியை ‘ரூல்-பேஸ்டு’ ஆக மாற்றி, வகுப்புக்கு ஒரு விதியும், கடைசியில் ‘எல்ஸ்’ விதி ஒன்றும் போடுங்கள். எந்த விதியிலும் சிக்காத புள்ளி அந்தக் கடைசி விதியில் வந்து விழும். அதற்குப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு கொடுத்து வைத்தால் விட்டுப்போனது எது என்று உடனே தெரியும். அச்சுக்கு முன் அந்த விதியை அணைத்துவிடலாம்.

எந்த அளவில் எது தெரிய வேண்டும் என்பதையும் விதிக்கு விதி அமைக்க முடியும். ஓஎஸ்எம் தளத்தின் இயல்பு வரைபடம் தகவல் அலுவலகத்தை 17ஆம் பெரிதாக்க நிலையில்தான் காட்டுகிறது, ஏறத்தாழ 1:4,000. கைகாட்டியும் பலகையும் 19இல்தான் வரும், ஏறத்தாழ 1:1,000. உலகம் முழுவதற்கும், நகரத்துக்கும் சேர்த்துச் செய்த பாணி அது, நெரிசலைத் தவிர்க்க அப்படி வைத்திருக்கிறார்கள். மலையில் நடப்பவருக்கு அது உதவாது. வேமார்க்டு ட்ரெயில்ஸ் போன்ற நடைபாதைக்கான வரைபடங்கள் கைகாட்டிகளுக்கு முக்கியத்துவம் தருகின்றன. நீங்கள் வைக்கும் எல்லை இப்படி இருக்கட்டும்: வகுப்பு 1 எல்லா அளவிலும், வகுப்பு 2 1:30,000இலிருந்து, வகுப்பு 3 1:10,000இலிருந்து.

ஏழாம் படி: நெரிசல்

தெப்பக்காடு போன்ற இடத்தில் வரவேற்பு மையம், சவாரிச் சீட்டுக் கவுன்ட்டர், பலகைகள் எல்லாம் சில பத்து மீட்டருக்குள் நெருங்கி இருக்கும். 1:25,000இல் ஒரு சதுரமே 100 மீட்டரை மூடும்போது இவை எல்லாவற்றையும் காட்ட முடியாது. சின்னங்களை வட்டமாகப் பரப்பி வைக்கும் ‘பாயின்ட் டிஸ்ப்ளேஸ்மென்ட்’ வசதி க்யூஜிஐஎஸ்ஸில் உண்டு. நான் அதைக் காட்டு வரைபடத்துக்குப் பயன்படுத்த மாட்டேன். சின்னம் ஆற்றுக்கு மறுகரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மோயாற்றங்கரையில் அது பெரிய பொய்யாகிவிடும். அதைவிட, ஆள் இருக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் விழும் பலகைகளை மறைத்துவிடுங்கள். மையத்துக்குப் போகிறவர் அவற்றை எப்படியும் பார்ப்பார். மறைப்பது என்றால் இந்த வரைபடத்தில் மட்டும், தரவை அழிக்கக் கூடாது.

கைகாட்டிக்கு இது பொருந்தாது. கைகாட்டிச் சின்னம் பாதைகள் பிரியும் இடத்தை மூடாமல், நேரில் அது நிற்கும் பக்கமாகச் சற்றே தள்ளி நிற்க வேண்டும். ஏனென்றால் நடப்பவர் வரைபடத்தில் தேடுவது பிரியும் கோடுகளின் கோணத்தைத்தான். தரவைத் தொடாமல், சின்னத்தின் ‘ஆஃப்செட்’ மதிப்பை ஒரு நெடுவரிசையிலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு அமைத்து, ஒவ்வொரு கைகாட்டியையும் கையால் நகர்த்துங்கள். மெனக்கெடுதான், ஆனால் எந்தத் தானியங்கிக் கருவியும் இதைச் சரியாகச் செய்வதில்லை.

பெயர் எழுதும்போது தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதை நினைவில் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் 7 புள்ளிக்குக் கீழே போனால் சுழிகள் அடைந்துபோகும். ஆள் இருக்கும் இடத்துக்கும், பெயருள்ள கைகாட்டிக்கும் மட்டும் பெயர் போதும். அடுக்கின் எழுத்து அமைப்பில் இந்தச் சின்னங்களைத் தடைகளாகக் குறித்துவிட்டால் மற்ற ஊர்ப் பெயர்கள் இவற்றின் மேல் வந்து ஏறாது.

எட்டாம் படி: குறிவிளக்கமும் சோதனையும்

குறிவிளக்கத்தில் ‘தகவல்’ என்ற தலைப்பே வேண்டாம். ‘ஆள் இருக்கும் இடங்கள்’, ‘ஆள் இல்லாத பலகைகள்’ என்று இரண்டு தலைப்பு போடுங்கள். முதல் தலைப்பின் கீழ் ஒவ்வொரு மையமும் திறந்திருக்கும் நேரத்தை எழுத இடம் இருந்தால் எழுதிவிடுங்கள். ஓஎஸ்எம் தரவைப் பயன்படுத்தியதால் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற உரிமக் குறிப்பும் கட்டாயம் வேண்டும்.

பிறகு கருப்பு-வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, இந்தக் காட்டுக்குப் போகாத ஒருவரிடம் கொடுத்து, குறிவிளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: ‘உங்களுக்கு அடிபட்டுவிட்டது, இதில் எங்கே போவீர்கள்?’ விரல் ஒரு பலகையின் மேல் போனால் சின்னம் தோற்றுவிட்டது. அளவைக் கூட்டுங்கள், நிரப்பலை மாற்றுங்கள், மறுபடியும் கேளுங்கள். வனத்துறை ஊழியர் ஒருவரிடமும் காட்டுங்கள். எந்த மையம் எந்த மாதம் மூடியிருக்கும், எந்தப் பாதையில் இப்போது விடுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: பராமரிப்பு

காட்டில் பலகை நிரந்தரம் இல்லை. மழை துருப்பிடிக்க வைக்கும், யானை சாய்த்துவிடும், கொடி மூடிவிடும். ஒவ்வொரு முறை நேரில் பார்த்தபோதும் செக்_டேட் குறிச்சொல்லில் தேதியைப் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு சுற்று பார்ப்பது நல்லது. பலகை சாய்ந்து கிடந்தாலும் படிக்க முடிந்தால் அப்படியே விடுங்கள். எழுத்து அழிந்துபோய் வெறும் தகடு நிற்கிறது என்றால் குறிச்சொல்லுக்கு முன்னால் டிஸ்யூஸ்டு: என்ற முன்னொட்டைச் சேருங்கள். அப்போது வரைபடங்களில் அது வராது, பின்னால் வருபவருக்கு அங்கே ஒன்று இருந்தது என்ற செய்தி மட்டும் நிற்கும். மையம் பூட்டிவிட்டால் இன்னும் அவசரம்: அன்றைக்கே மாற்றுங்கள், அச்சிட்ட பிரதிகள் கையில் இருந்தால் அவற்றிலும் அந்த நீலச் சதுரத்தின் மேல் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டுக் கொடுங்கள்.